47 வயதில் எதில் ஆழமாக இறங்குவது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 47 வயது. 2001-இல் எம்.சி.ஏ. முடித்துவிட்டு சென்னையில் ஒரு ஐ.டி. சர்வீஸ் நிறுவனத்தில் சேர்ந்தேன். விஷுவல் பேசிக், ஆரக்கிளில் ஆரம்பித்து, அப்புறம் ஜாவா, ஸ்ட்ரட்ஸ், ஸ்பிரிங் என்று போனது. அதில் 11 வருடம் ஓர் ஐரோப்பிய வங்கியின் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றப் பிரிவுக்கு வேலை செய்தேன். வங்கிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஸ்விஃப்ட் செய்திகள், ராத்திரி பேட்ச், கணக்கை ஒத்துப்பார்க்கும் ரீகன்சிலியேஷன் எல்லாம் அத்துப்படி. கடந்த 8 வருடமாக மேனேஜர். கோட் எழுதுவது நின்றுபோனது. இரண்டு மாதம் முன்பு புராஜெக்ட் முடிந்து, அடுத்த வேலை ஒதுக்கப்படாமல் பெஞ்சில் இருக்கிறேன்.

போன வாரம் உள்ளேயே ஒரு புராஜெக்டுக்கு இன்டர்வியூ. கேள்வி கேட்டவருக்கு 30 வயது கூட இருக்காது. ஸ்கிரீன் செய்யும் ரியாக்ட் தெரியுமா, புரோகிராம்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் காஃப்கா தெரியுமா, புரோகிராம்களைப் பல சர்வர்களில் ஓட்டும் குபர்நெட்டிஸ் தெரியுமா என்று கேட்டார். மூன்றுக்கும் "கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றுதான் சொல்ல முடிந்தது. நான் வேலைக்கு வந்த காலத்தில் ஒரே ஆள் ஸ்கிரீனும் செய்வார், டேபிளும் டிசைன் செய்வார், சர்வரில் ஏற்றியும் விடுவார். இன்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பெஷலிஸ்ட். கிளவுட், டெவாப்ஸ், டேட்டா இன்ஜினியரிங், ஏ.ஐ. என்று நான்கு கோர்ஸுக்குப் பணம் கட்டினேன். எதுவும் பாதியைத் தாண்டவில்லை. மேடவாக்கம் வீட்டுக் கடன் இன்னும் 9 வருடம் இருக்கிறது, மகன் பிளஸ் ஒன். எதைப் படித்தால் அடுத்த 10 வருடத்தை ஓட்டலாம்? இல்லை, இது இளைஞர்களுக்கான தொழில்தானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தோன்றுகிறது. இது இளைஞர்களுக்கு மட்டுமான தொழில் இல்லை. ஆனால் 47 வயதுக்காரர் 27 வயதுக்காரரின் வழியில் போனால் தாக்குப்பிடிக்க முடியாது. 27 வயதில் நான்கு பக்கமும் கை நீட்டலாம். ஒன்று சரிவரவில்லை என்றால் இன்னொன்று. குடும்பச் செலவு குறைவு, நேரம் நிறைய. உங்களுக்கு இருப்பது ஒரு நாளில் இரண்டு மணி நேரமும், மாதா மாதம் கட்ட வேண்டிய இ.எம்.ஐ.யும். நீங்கள் ஒன்றை மட்டுமே எடுக்க முடியும். அந்த ஒன்று இப்போது நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

வங்கிகளுக்கான பணப் பரிமாற்ற மென்பொருளில் வேலை செய்கிறேன். ஆள் எடுப்பது என் பொறுப்புகளில் ஒன்று. ஆகவே கேள்வி கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்களைப் போன்றவர் எப்படித் தெரிகிறார் என்பதைச் சொல்ல முடியும்.

இந்தக் கேள்வி வந்தாலே பலர் கணினி முன்னோடி கென் தாம்சனைக் காட்டி ஆறுதல் சொல்வார்கள். 1943-இல் பிறந்தவர், 2009-இல் கோ என்ற புரோகிராமிங் மொழி வெளியானபோது அதை உருவாக்கிய மூவரில் ஒருவர். இன்னொரு முன்னோடி பிரையன் கெர்னிகன் 80 வயதில் தன் பழைய ஆக் மொழிக்கு யூனிகோட் வசதி சேர்த்தார். இரண்டுமே உண்மை, எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அவர்களை யாரும் பெஞ்சில் உட்காரவைத்து பில்லிங் எங்கே என்று கேட்கவில்லை. உங்களிடம் கேட்கிறார்கள். சர்வீஸ் நிறுவனத்தில் உங்கள் சம்பளம் வருடா வருடம் ஏறும். வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்துக்குத் தரும் தொகை அதே வேகத்தில் ஏறாது. அந்த இடைவெளி ஓர் அளவைத் தாண்டும்போது ஆட்குறைப்புப் பட்டியலில் பெயர் வருகிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, பெரும்பாலும் இடைநிலை, மூத்த நிலைகளில் இருப்பவர்கள்தான் அதில் அடங்குவார்கள் என்றே சொன்னது. அமெரிக்காவில் 40 வயதைத் தாண்டியவர்களை வயதைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1967-இலிருந்தே சட்டம் இருக்கிறது. இங்கே தனியார் துறைக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஆகவே உங்கள் பயம் கற்பனை இல்லை.

ஆனால் அந்தப் பயத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒன்று வயது, இன்னொன்று 8 வருட இடைவெளி. 35 வயதுக்காரர் ஒருவர் 8 வருடம் கோட் பக்கமே போகாமல் இருந்துவிட்டு அந்த இன்டர்வியூவில் உட்கார்ந்திருந்தால் அவரும் "கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றுதான் சொல்லியிருப்பார். வயதுக்கு நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, இடைவெளியை அடைக்க முடியும். அது நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிதும் இல்லை. நீங்கள் கோட் எழுதுவதை நிறுத்தியபோது உங்கள் கையில் இருந்தது அநேகமாக 2014-இல் வந்த ஜாவா 8. 2017 செப்டம்பரில் 9 வந்தது. அதற்கு அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று ஆக்கிவிட்டார்கள். எண்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். வங்கிகள் நீண்ட நாள் வைத்துக்கொள்வதற்காக எடுப்பவை 11, 17, 21 மாதிரியான சில பதிப்புகள்தான். 8-லிருந்து 21-க்கு மொழியில் என்ன மாறியது என்பதை உங்களால் மூன்று வாரத்தில் படித்துவிட முடியும். கைக்குப் பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

சரி, இந்த ஸ்பெஷலைசேஷன் விஷயம். அன்று ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்தார் என்று சொல்கிறீர்கள். செய்ய வேண்டியது அன்றைக்குக் குறைவாக இருந்தது, அதனால் முடிந்தது. ஒரு ஆரக்கிள் டேட்டாபேஸ், ஒரு வெப்லாஜிக் சர்வர், வங்கிக் கிளைக்குள் இருக்கும் நூறு கணினிகளில் ஒரே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். சர்வர் மெஷின் எங்கே இருக்கிறது என்று கை காட்ட முடியும். ராத்திரி 11 மணிக்கு நிறுத்தி, புது புரோகிராம் தொகுப்பை (வார் ஃபைல்) போட்டு, 12 மணிக்கு ஏற்றலாம், கேட்பார் கிடையாது. இன்று நம் ஊரில் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது, ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பரிலிருந்து. நிறுத்தி ஏற்றுவதற்கு என்று ஒரு ராத்திரியே இல்லாமல் போய்விட்டது. நிறுத்தாமலே புதுப் பதிப்பை ஏற்றுவது ஒரு தனித் தொழில் ஆனது அதனால்தான். மொபைல் வந்தது, ஸ்கிரீன் செய்வது தனித் தொழில் ஆனது. வெளியிலிருந்து தாக்குதல் பெருகியது, பாதுகாப்பு தனித் தொழில் ஆனது. யாரும் வேண்டுமென்றே உங்களை வெளியே தள்ளுவதற்காகப் பிரிக்கவில்லை.

பிரித்ததில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. வேலையைப் பிரிக்கலாம், கோளாறு அந்தக் கோடுகளுக்குள் அடங்குவதில்லை. ஒரு புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒவ்வொரு வேலை இழையையும் த்ரெட் என்பார்கள். ஜாவா 21-இல் வர்ச்சுவல் த்ரெட் என்று ஒன்று வந்தது. லட்சம் த்ரெட்டுகளைச் சுலபமாக உருவாக்கலாம். இதைப் படித்த ஒரு பேக்எண்ட் (சர்வர் பக்க) குழு உற்சாகமாக மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் நன்றாக ஓடுகிறது. சம்பள நாளன்று திணறுகிறது. ஏன்? டேட்டாபேஸுக்குப் போகிற இணைப்புகளை வைத்திருக்கும் கனெக்‌ஷன் பூலில் இருப்பது 50தான். லட்சம் த்ரெட்டும் அந்த 50-க்காக வரிசையில் நிற்கின்றன. பேக்எண்ட் ஆள் "என் பக்கம் சிபியு சும்மா இருக்கிறது" என்பார், டேட்டாபேஸ் ஆள் "என் பக்கமும் லோடு இல்லை" என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மை. இதைப் படித்தவுடன் உங்களுக்குக் காரணம் புரிந்திருக்கும், இல்லையா? வெப்லாஜிக்கில் கனெக்‌ஷன் பூல் தீர்ந்துபோய் ராத்திரி 2 மணிக்கு உங்களை எழுப்பியிருப்பார்கள். அதே கோளாறு புது உடையில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும், "அப்படியானால் நான் எல்லாம் தெரிந்த ஆள் என்றே சொல்லிக்கொள்ளலாமே" என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்கு எடுக்கிற இடத்தில் அது எடுபடாது. ஆள் கேட்டு வருகிற கோரிக்கையில் "பேமென்ட்ஸ் தெரிந்த ஜாவா இன்ஜினியர்" என்றுதான் இருக்கும். "எல்லாவற்றையும் பார்த்தவர் ஒருவர்" என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே நுழைய ஒரு ஸ்பெஷலிஸ்ட் பெயர் வேண்டும். நுழைந்த பிறகு உங்களை அங்கே நிலைக்கவைப்பது மற்ற அனுபவம்.

உங்களிடம் கேட்ட மூன்றையும் எடுத்துக்கொள்வோம். ரியாக்டை விட்டுவிடுங்கள். நல்ல கருவிதான், 2013-இலிருந்து இருக்கிறது. ஆனால் அதில் உங்கள் 24 வருடத்தில் எதுவும் உதவாது. 24 வயதுக்காரரும் நீங்களும் ஒரே கோட்டிலிருந்து ஓட வேண்டும், அவருக்குப் பாதி சம்பளம் போதும். அந்தப் போட்டிக்குப் போகவே வேண்டாம்.

காஃப்கா வேறு கதை. ஐரோப்பிய வங்கியில் இருந்தவருக்கு ஐ.பி.எம். எம்.க்யூ. என்ற செய்தி வரிசை (க்யூ) மென்பொருள் தெரியாமல் இருக்காது. ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம், முன்னது பின்னால் வரலாம், படித்தவுடன் மெஷின் செத்துப்போனால் என்ன ஆகும் — இந்த மூன்று கவலையும் உங்களுக்குப் பழசு. காஃப்காவிலும் அதே மூன்றுதான். புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம். க்யூவில் எடுத்தவுடன் செய்தி போய்விடும்; காஃப்காவில் குறித்த காலம் வரை அது அங்கேயே இருக்கும், யார் எதுவரை படித்தார்கள் என்பதைத் தனியாகக் குறித்துவைப்பார்கள். செய்திகள் பார்ட்டிஷன் என்ற பிரிவுகளாகப் பிரிந்திருக்கும், வரிசைக்கிரமம் ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டும்தான் உத்தரவாதம். ஆகவே ஒரே கணக்கின் பரிமாற்றங்கள் ஒரே பார்ட்டிஷனுக்குப் போகும்படி, பிரிவைத் தீர்மானிக்கும் கீயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை உங்களிடம் விளக்க எனக்கு ஒரு பத்தி போதுமானதாக இருந்தது. எம்.க்யூ. பார்க்காத ஒருவருக்கு இதே விஷயத்தைச் சொல்ல ஒரு வாரம் ஆகும். ஏன் கவலைப்பட வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

குபர்நெட்டிஸை முழுவதும் படிக்க வேண்டாம். அதை நடத்துவதற்கென்று ஒரு குழு இருக்கும். உங்கள் ஜாவா புரோகிராம் அதற்குள் எப்படிப் பிழைக்கிறது, எப்படிச் சாகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஜாவா 8-இன் ஆரம்பப் பதிப்புகள் கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓடும்போது, தனக்கு ஒதுக்கிய நினைவகத்தைப் பார்க்காமல் மொத்த மெஷினின் நினைவகத்தைப் பார்த்து, அதில் நான்கில் ஒரு பங்கு வரை தன் தரவுக்கான இடம் (ஹீப்) என்று வைத்துக்கொள்ளும். மெஷினில் 64 ஜி.பி., உங்களுக்கு ஒதுக்கியது 2 ஜி.பி. என்றால் கணக்கைப் பாருங்கள். அது வளர்ந்துகொண்டே போகும், எல்லை தாண்டியவுடன் லினக்ஸ் கெர்னல் அதைக் கொன்றுவிடும், ஜாவா எழுதிவைக்கும் லாகில் (பதிவேட்டில்) ஒரு வரி கூட இருக்காது. பின்னால் வந்த பதிப்புகளில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் "லாகில் ஒன்றுமே இல்லாமல் புராசஸ் செத்தது" என்றால் எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரிந்த ஆளுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது.

டேட்டா இன்ஜினியரிங் கோர்ஸ் வாங்கினேன் என்றீர்களே, அதிலும் உங்களுக்குக் கொஞ்சம் சொந்தம் இருக்கிறது. ஆரக்கிளில் தேதிப் பத்தியின் மேல், நேரத்தை வெட்டும் ட்ரங்க் ஃபங்ஷனைப் போட்டு வடிகட்டினால் இன்டெக்ஸ் பயன்படாமல் மொத்த டேபிளையும் படிக்கும் என்பது உங்களுக்கு மனப்பாடம். பெருந்தரவைக் கையாளும் ஸ்பார்க் மாதிரியான இடங்களிலும், தரவைப் பிரித்துவைத்த பார்ட்டிஷன் பத்தியைக் கொண்டு வடிகட்டாவிட்டால் பல நேரம் இதே கதிதான். ஒரு நாளின் தரவுக்காக மூன்று வருடத் தரவையும் படிக்கும். வித்தியாசம், அங்கே மெதுவாகும், இங்கே கிளவுட் பில் வரும். இருந்தாலும் உங்கள் முதல் தேர்வு இது இல்லை என்பேன். இதைவிடப் பக்கத்தில், உங்களுக்கே உரிய ஓர் இடம் இருக்கிறது. கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

"ஸ்விஃப்ட் செய்திகள் அத்துப்படி" என்று எழுதியிருக்கிறீர்கள். வாடிக்கையாளரின் பணத்தை அனுப்பும் ஸ்விஃப்ட் செய்தியான எம்.டி. 103-இல் 59-ஆம் புலம் நினைவிருக்கிறதா? பணம் பெறுபவரின் பெயர், முகவரி. வரிக்கு 35 எழுத்து, நான்கு வரி. அதற்குள் எதை எங்கே எழுதுவது என்பது அனுப்புகிற வங்கியின் இஷ்டம். ஊர்ப் பெயர் மூன்றாம் வரியில் இருக்கும், நான்காம் வரியில் இருக்கும், சில நேரம் தெருப் பெயரோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், 35-ஆவது எழுத்தில் அறுந்துபோய்க்கூட இருக்கும். இப்போது உலகெங்கும் வங்கிகள் ஐ.எஸ்.ஓ. 20022 என்ற புதிய செய்தி முறைக்கு மாறிவிட்டன. நாடுகளுக்கிடையேயான பணம் செலுத்தும் செய்திகளில் பழைய எம்.டி.யும் புதிய முறையும் சேர்ந்து ஓடிய காலம் 2025 நவம்பரோடு முடிந்தது. எம்.டி. 103-இன் இடத்தில் இப்போது இருப்பது பாக்ஸ் 008. அதில் தெருவுக்கு ஓர் இடம், அஞ்சல் குறியீட்டுக்கு ஓர் இடம், ஊருக்கு ஓர் இடம், நாட்டுக்கு ஓர் இடம்.

வெளியே மாறிவிட்டது. வங்கிகளுக்கு உள்ளே? உள்ளே இருக்கும் கணக்கு மென்பொருள், தடை செய்யப்பட்டவர் பட்டியலோடு பெயரை ஒப்பிடும் மென்பொருள், ரீகன்சிலியேஷன் என்று எத்தனையோ இன்னும் அந்த 35 எழுத்து வரிகளை நம்பிக்கொண்டிருக்கின்றன. வாசலில் புதுச் செய்தியைப் பழைய வடிவத்துக்குப் பெயர்த்து உள்ளே அனுப்புகிறார்கள். பெயர்க்கும்போது நீளமான பெயர் வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட பெயர் தடைப் பட்டியலில் உள்ள யாரோடோ ஒத்துப்போகிறது. யாரோ ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அனுப்பிய பணம் மூன்று நாள் நிற்கிறது. இதைச் சரிசெய்ய, புதுச் செய்திகளை எழுதும் வடிவமான எக்ஸ்.எம்.எல். தெரிந்தால் போதாது. ஒரு எழுத்தர் 2009-இல் ஏன் ஊர்ப் பெயரை நான்காம் வரியில் அடித்தார் என்பது தெரிய வேண்டும். அது உங்களுக்குத் தெரியும். இன்டர்வியூவில் உங்களைக் கேள்வி கேட்டவருக்குத் தெரியாது, கோர்ஸ் நடத்துகிறவருக்கும் தெரியாது.

ஆகவே என் பதில்: பேமென்ட்ஸ் பேக்எண்ட். ஜாவா 21, ஸ்பிரிங் பூட் 3, காஃப்கா, போஸ்ட்கிரெஸ் அல்லது ஆரக்கிள், ஐ.எஸ்.ஓ. 20022. மற்ற கோர்ஸ்களின் பணம் போனது போகட்டும், அந்த டேபை மூடிவிடுங்கள். பாதியில் நிற்கும் கோர்ஸ் ஒவ்வொன்றும் தினமும் உங்களைக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கும், அந்தச் சுமை வேண்டாம்.

எப்படித் திரும்பிக் கோடுக்குள் வருவது? உங்கள் நிறுவனத்திலேயே, கடினமான கோளாறுகளைக் கோடுக்குள் இறங்கித் தீர்க்கும் எல்3 (மூன்றாம் நிலை) சப்போர்ட் இடம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். "மேனேஜராக இருந்துவிட்டு சப்போர்ட்டா" என்று நண்பர்கள் கேட்பார்கள். நம் ஊரில் சப்போர்ட் என்றால் ஒரு படி கீழே என்று ஒரு நினைப்பு எப்படியோ ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. ஒரு பெரிய சிஸ்டம் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை எல்3-இல் இருப்பவர் அளவுக்கு அதை எழுதியவர்கூட அறிவதில்லை. 8 வருடம் கழித்து வருகிறவருக்கு வெறும் எடிட்டரைத் திறந்து புதிதாக எழுதுவதைவிட, உடைந்த ஒன்றைப் படித்துக் காரணம் கண்டுபிடிப்பது எளிது. உங்கள் பழைய புத்தி முதலில் விழித்துக்கொள்வது அங்கேதான்.

வீட்டில் ஒரே ஒரு புரோகிராம் எழுதுங்கள். எம்.டி. 103 ஒன்றை வாங்கி, பாக்ஸ் 008 ஆக மாற்றி, காஃப்காவில் போட்டு, இன்னொரு சேவை அதைப் படித்து லெட்ஜரில் பற்று வரவு எழுதுவது. முதலில் வேண்டுமென்றே ஜாவா 8-இல், பழைய ஸ்பிரிங்கில் எழுதுங்கள். அப்புறம் ஜாவா 21-க்கும் ஸ்பிரிங் பூட் 3-க்கும் மாற்றுங்கள். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3-க்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பல பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறியிருக்கும். பழைய லைப்ரரிகள் ஒவ்வொன்றாகச் சண்டை போடும். அந்தச் சண்டைதான் பாடம். பல வங்கிகள் இந்த மாற்றத்தை இப்போதுதான் செய்துகொண்டிருக்கின்றன, அதைச் செய்து பார்த்த கை அவர்களுக்குத் தேவை. ஓர் எச்சரிக்கை: பழைய வாடிக்கையாளரின் கோடில் ஒரு வரிகூட, ஒரு மாதிரி ஃபைல்கூட இதில் வரக் கூடாது. கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலும் போடக் கூடாது, ஏ.ஐ. கருவியிலும் ஒட்டக் கூடாது. எல்லாத் தரவையும் நீங்களே கற்பனையாக உருவாக்குங்கள்.

அந்தப் புரோகிராமில் ஓர் இடத்தில் மட்டும் நிறைய நேரம் செலவிடுங்கள். வரவு வைக்கச் சொல்லி எதிர்வங்கிக்குக் கோரிக்கை போகிறது, குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை. இப்போது என்ன செய்வது? ஏ.ஐ. கருவியிடம் சும்மா எழுதச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அழகாக, மூன்று தடவை திரும்ப முயலும் ஒரு லூப் தரும். அந்த லூப்பை அப்படியே ஓடவிட்டால் ஒரே ஆளுக்கு மூன்று தடவை பணம் போகலாம். பதில் வரவில்லை என்றால் தோற்றது என்று பொருள் இல்லை, தெரியவில்லை என்றுதான் பொருள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் மாறாத ஓர் அடையாள எண் வேண்டும். எதிர்ப்பக்கம் அந்த எண்ணைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்க வேண்டும். முடிவு தெரியாதவை தனி நிலையில் நிற்க வேண்டும். ராத்திரி ரீகன்சிலியேஷன் அவற்றைத் தீர்க்க வேண்டும். நம் ஊர் யு.பி.ஐ.யில் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் பற்று ஆகி, வரவு ஆகவில்லை என்றால் அடுத்த நாளுக்குள் திருப்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதி போட்டது. இந்த "தெரியவில்லை" என்ற நிலையைச் சரியாகக் கையாளாததற்கு ரூபாய்க் கணக்கில் ஒரு விலை இருக்கிறது. நான் ஆள் எடுக்கும்போது இந்த ஒரு கேள்வியிலேயே நெடுநேரம் நிற்பேன். இதில் நன்றாகப் பேசுகிறவருக்குக் குபர்நெட்டிஸ் கட்டளை ஒன்று மறந்துபோனால் எனக்குக் கவலையே இல்லை.

ஏ.ஐ. பற்றியும் அதிலேயே பதில் இருக்கிறது. கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், குறிப்பாகப் புது சின்டாக்ஸ் பழகுவதற்கு. அது தருவதில் எது ஆபத்து என்று பார்க்கத் தெரிவதுதான் உங்கள் சம்பளத்துக்கு நியாயம். மாடல் பயிற்றுவிக்கும் ஏ.ஐ. இன்ஜினியராக மாறும் யோசனையை விட்டுவிடுங்கள். அது கணிதப் பின்னணியோடு முழு நேரம் இறங்குகிறவர்களின் களம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ரெஸ்யூம். உங்கள் வயதுக்காரர்கள் அனுப்புவது பல நேரம் ஏழு எட்டுப் பக்கம் இருக்கிறது. "40 பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேன்" என்று இருக்கும். நேரில் அந்த சிஸ்டத்தில் ஒரு பணம் எப்படிப் போகிறது என்று போர்டில் வரையச் சொன்னால், "அதை டீம் பார்த்துக்கொண்டது" என்பார்கள். உங்களுக்கு வரையத் தெரியும் என்று நம்புகிறேன். அதையே ரெஸ்யூமின் முதல் பாதியில் வையுங்கள். இரண்டு பக்கம் போதும். விஷுவல் பேசிக்கை எடுத்துவிடுங்கள். நீங்கள் கண்டுபிடித்துச் சரிசெய்த இரண்டு பெரிய கோளாறுகளை, வங்கியின் பெயர் சொல்லாமல், காரணத்தோடும் விளைவோடும் எழுதுங்கள். "தெரியாது" என்பதைச் சொல்லும் விதத்தையும் மாற்றுங்கள். "காஃப்கா கேள்விப்பட்டிருக்கிறேன்" என்று நிறுத்தாமல், "எம்.க்யூ.வில் 11 வருடம் வேலை செய்தேன். காஃப்காவில் இப்போது ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், வரிசைக்கிரமம் எங்கே உடைகிறது என்பதைச் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். கேள்வி கேட்பவர் உங்கள் மகன் வயதுக்குப் பக்கத்தில் இருந்தாலும் அவர் அறிவை மதித்தே பேசுங்கள். "எங்கள் காலத்தில்" என்ற சொல் அந்த அறைக்குள் வரவே வேண்டாம்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலர் இதைப் படிப்பு வரவில்லை என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வயதில் வெள்ளெழுத்து வந்திருக்கும். புரோக்ரசிவ் கண்ணாடி போட்டிருந்தால் மானிட்டரைப் பார்க்கத் தாடையைத் தூக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்தில் கழுத்து வலிக்கும், எரிச்சல் வரும், "எனக்கு மண்டையில் ஏறவில்லை" என்று மூடிவைத்துவிடுவோம். மானிட்டர் இருக்கும் தூரத்தை அளந்துகொண்டு போய், அந்தத் தூரத்துக்கென்று தனியாக ஒரு கண்ணாடி கேளுங்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் படிப்பதை விடுத்து காலை 5 மணிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். புதுக் கட்டளைகளை மனப்பாடம் செய்வது முன்பைவிட மெதுவாகத்தான் இருக்கும், ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இது எதனுடைய மறுபதிப்பு என்று கண்டுகொள்வது முன்பைவிட வேகமாக இருக்கும், அதை நம்புங்கள்.

கடைசியாகப் பணம். வெளியே போனால் இப்போதைய மேனேஜர் சம்பளம் அப்படியே கிடைக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். சர்வீஸ் நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் தாங்களே நடத்தும் மையங்கள் சென்னையில் இப்போது நிறைய இருக்கின்றன. வங்கிகளின் மையங்களும் அதில் உண்டு. உங்களுக்குப் பொருத்தமான இடம் அநேகமாக அங்கேதான். அங்கே மூத்த இன்ஜினியர் பதவிக்குக் கொஞ்சம் குறைவாகப் பேசலாம். எவ்வளவு குறைந்தால் தாங்கும் என்பதை இன்டர்வியூவுக்கு முன்பே வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள், மகனின் கல்லூரிச் செலவையும் சேர்த்து. பெஞ்சில் இருப்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லுங்கள். பி.எஃப். பணத்தை எடுத்துக் கடனை அடைக்கும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். இப்போது இருக்கும் வேலையை நீங்களாக விட வேண்டாம், பெஞ்சில் இருந்தாலும் சம்பளம் வருகிற மாதங்கள்தான் படிப்பதற்கான மாதங்கள். ஹெச்.ஆர். ராஜினாமா கடிதம் கேட்டால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். கிராஜுவிட்டி, நோட்டீஸ் காலச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எதுவரை என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.